அறுக்கச் சொன்ன அர்ணாக்கயிறு

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் சம்பாதித்தது கடலூர் போகும் பஸ்ஸில். எங்கள் கிருமாம்பாக்கத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். அந்த எல்லையில் ஒரு சோதனைச்சாவடி. எங்கள் பக்கம் சரக்கு விலை குறைவு என்பதால், பாட்டிலை ஒளித்து எடுத்துப் போகிறவர்களைப் பிடிக்க போலீஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறிப் பைகளைக் கிளறுவார்கள். கல்யாணத்துக்குப் போகிறவள் பையா, ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் பையா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒருமுறை என் பையைத் தடியால் குத்திப் பார்த்தவரிடம், "உள்ள முருங்கக்காதான் இருக்குது, ஒடஞ்சா நீதான் குழம்பு வெக்கணும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சோதனை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். பாட்டில் வைக்காதவளையும் நிறுத்திப் பார்ப்பார்கள் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அந்தச் சாவடியில் நான் ஒன்று கேட்கலாம், அவர் ஒன்று சொல்லலாம். ரொம்ப மிஞ்சினால் பஸ்ஸில் இருப்பவர்கள் எனக்காகப் பேசுவார்கள். விமான நிலையத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நாங்கள் முதல்முறையாக விமானம் ஏறியது எங்கள் மகனுக்காக. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரே பிள்ளை. டிகிரி முடித்தான், விடிகாலையில் ஏரிக்கரை மேல் ஓடி ஓடி உடம்பைத் தேற்றினான், மத்திய அரசின் காவல் படை ஒன்றில் தேர்வாகி வடக்கே பயிற்சிக்குப் போனான். பயிற்சி முடிகிற அன்று அணிவகுப்பு நடக்கும், அப்பா அம்மா வந்து பார்க்கலாம் என்று போனில் சொன்னான். தேதி அவனுக்கே கடைசியில்தான் தெரிந்தது. ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற என் நாத்தனார் மகள்தான் விமானத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரருக்கு அணிவகுப்பைவிட முக்கியமான ஒரு வேலை அங்கே இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோருடைய இடுப்பிலும் அர்ணாக்கயிறு இருக்கும். குழந்தையில் கட்டுவது. நைந்து போனால் மாற்றுவார்கள், ஆனால் புதுசைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழசை அறுப்பார்கள். உயிரோடு இருக்கிறவன் இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பது கணக்கு. வெறும் இடுப்போடு ஒருவன் இருப்பது ஒரே ஒரு தடவைதான். போகும்போது அர்ணாக்கயிற்றைக்கூட அறுத்துக்கொண்டுதான் அனுப்புவார்கள் என்று பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான் செய்வார்கள்.

என் மகன் பிறந்து அவன் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தபோது, அதை நான் நிழலில் உலர்த்தி வைத்தேன். பாகூரில் இருந்த பத்தர் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளித் தாயத்து செய்து, அதை உள்ளே வைத்து, வாயைப் பற்றவைத்து மூடிக் கொடுத்தார். அது அவன் இடுப்புக் கயிற்றிலேயே வளர்ந்தது. அவன் வளர வளரக் கயிறு மாறியது, தாயத்து மாறவில்லை. பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவன் அதைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டான். அங்கே இதெல்லாம் போட விடமாட்டார்கள், மற்ற பையன்களும் கிண்டல் செய்வார்கள் என்றான். எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் அந்தத் தாயத்தைத் தன்னுடைய அர்ணாக்கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். என் இடுப்பில் இருந்தால் அவன் இடுப்பில் இருக்கிற மாதிரிதான், பயிற்சி முடிகிற அன்று நானே என் கையால் திரும்பக் கட்டிவிடுவேன் என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அதற்காகத்தான் அவர் போனார். அணிவகுப்பெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

நாத்தனார் மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். சில்லறை, சாவி, கைக்கடிகாரம், இரும்பாக எது இருந்தாலும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும், உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப் பையில் இருந்த பேனாவைக்கூட எடுத்துப் பெட்டியில் போட்டார். தாயத்தை மட்டும் போடவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அது ஒரு பொருள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காதும் மூக்கும் மாதிரி அது இடுப்பில் இருக்கிற ஒன்று. எனக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் தோன்றியிருக்காது.

விமான நிலையத்தின் உள்ளே போனதும் எனக்கு முதலில் உறைத்தது அங்கே இருந்த அமைதிதான். அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒருவர்கூடப் பேசவில்லை. நல்ல நல்ல உடை உடுத்தினவர்கள் பெல்ட்டை அவிழ்க்கிறார்கள், ஷூவைக் கழற்றுகிறார்கள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். என் முன்னால் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, அதன் பால் பாட்டிலைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் பாதுகாப்புக்காக, ஒத்துழைப்புக்கு நன்றி என்று மேலேயிருந்து ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒத்துழைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அல்லவா நன்றி சொல்ல வேண்டும்?

பெண்களுக்குத் திரைச்சீலை போட்ட தடுப்பு. உள்ளே சீருடையில் ஒரு பெண். கையிலிருந்த கருவி என் கழுத்தருகே கத்தியது. தாலியை வெளியே எடுத்தேன். அதில் வழக்கம்போல இரண்டு ஊக்கு மாட்டியிருந்தேன். அந்தப் பெண் சிரித்து, "எங்கம்மாவும் இப்பிடித்தான் வெச்சிருப்பாங்க" என்று தமிழில் சொல்லி விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. இதற்குத்தானா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

ஆண்களுக்குத் திரையும் இல்லை, மறைப்பும் இல்லை. ஒரு சின்ன மேடை. அதன் மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். ஆண்பிள்ளைக்கு மானம் கிடையாது என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள் போல. என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியும், மகனுக்காக எடுத்த புதுச் சட்டையுமாக மேடையில் நின்றார். சீருடையில் இருந்தவர் எங்கள் மகன் வயது இருப்பார், வடக்கத்திப் பையன். கருவி இடுப்பருகே போனதும் கத்தியது. மறுபடி கொண்டுபோனார், மறுபடி கத்தியது. கையால் வேட்டிக்கு மேல் தடவிப் பார்த்து, அந்தத் தாயத்தை விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

என் வீட்டுக்காரர் தூக்கினார். வேட்டிக் கட்டைக் கொஞ்சம் இறக்கிக் கயிற்றைக் காட்டினார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவருடைய வயிற்றைப் பார்த்தார்கள். களத்தில் வெற்று உடம்போடு நாளெல்லாம் நிற்கிற மனிதர்தான். ஆனால் தானாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதும், ஒருவன் சொல்லி அவிழ்த்துக் காட்டுவதும் ஒன்றாகுமா? அவர் முகம் கறுத்துப்போனதை நான் இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன்.

கழற்று என்றார் அந்தப் பையன். கழற்ற முடியாது, முடிச்சுப் போட்டு இறுகிய கயிறு. அப்படியென்றால் அறுக்க வேண்டும், தாயத்து தனியாக ஸ்கேனரில் போக வேண்டும். அவர் இந்தியில் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. என்னைச் சோதித்த அந்தத் தமிழ்ப்பெண் எட்டிப் பார்த்து எங்களுக்கு மொழிபெயர்த்தாள். நான் நேராக அவர்களிடம் போனேன். அது சாமி சமாச்சாரம், அறுக்கக் கூடாது, வேண்டுமானால் அவரை அப்படியே அந்தச் சோதனைக் கதவு வழியாக இன்னும் பத்துத் தடவை நடக்கவையுங்கள் என்றேன். மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்றேன். மேலதிகாரி வந்தார். பொறுமையாகக் கேட்டார். பொறுமையாக இல்லை என்றார். பிறகு அவர் சொன்னதை அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி எனக்குச் சொன்னாள்.

"கட்டாயம் ஒன்னும் இல்லியாம்கா. வேணாம்னா திரும்பிப் போயிடலாமாம். உங்க இஷ்டம்தானாம்."

எங்கள் இஷ்டமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையின் அணிவகுப்பு மறுநாள் காலையில். வேறு வழியில் போய்ச் சேரவே முடியாது. கழுத்தில் கயிற்றைப் போட்டு இறுக்கிவிட்டு, மூச்சு விடுவதும் விடாததும் உன் விருப்பம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. அதைவிட, உன்னை நான் நம்பவில்லை, அதனால் அறுக்கிறேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

பின்னால் கோட்டு போட்ட ஒருவர், நம்ம ஆள்தான், தமிழில் எனக்குப் புத்தி சொன்னார். அவங்க டூட்டியத்தானம்மா செய்யறாங்க, எல்லாருக்கும் ப்ளைட்டுக்கு நேரமாவுது இல்ல, என்றார். கடலூர் பஸ்ஸாக இருந்தால் பஸ்ஸே எனக்காகப் பேசியிருக்கும். இங்கே இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் வாய் இல்லை. வாய் திறந்த ஒருவரும் அந்தப் பக்கம்தான் பேசினார். பயமில்லாமல் பறப்பதற்காக இவ்வளவும் என்கிறார்கள். பறப்பதற்கு முன்பே இவ்வளவு பயந்து நிற்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னிடம் ஒரு பேச்சு மிச்சம் இருந்தது. எங்கள் பிள்ளையும் இதே மாதிரி சீருடைதான் போடப்போகிறான், அவனைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"அத்த சொல்லாதடி. அவன் பேரு கெட்டுடப் போவுது."

அப்போது எனக்கு அந்தப் பையன் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வாழ்நாளில் ஒருவனிடம் கைகட்டி நிற்காத மனிதர். ஏரித் தண்ணீர்த் தகராறில் ஊரையே எதிர்த்து மடையில் உட்கார்ந்தவர். அவர் மேடையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தான் செய்யாத குற்றம் பிள்ளையின் வேலைக்கு வந்து சேர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறார். இந்தப் பயம் எந்த ஸ்கேனரில் தெரியும்?

சரி, அறுக்கட்டும் என்றார் அவர். ஆனால் முதலில் ஒரு கயிறு வேண்டும், அதைக் கட்டிக்கொண்ட பிறகு அறுக்கட்டும். கயிற்றுக்கு எங்கே போவேன்? கைப்பையைத் துழாவினேன். டிக்கெட்டும் கைக்குட்டையும் வெற்றிலைப் பையும்தான் இருந்தன. அப்புறம்தான் தலையில் பூ இருப்பது நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் இரண்டு முழம் மல்லி வாங்கி வைத்திருந்தேன். அதைப் பிடுங்கினேன். நின்ற இடத்திலேயே பூவையெல்லாம் உருவி உதறி, நூலை மட்டும் எடுத்தேன். பளபள என்று துடைத்து வைத்திருந்த தரை முழுக்க மல்லிகை. யாரோ இந்தியில் என்னவோ சொன்னார்கள். பொறுக்கு என்று சொல்லியிருப்பார்கள். நான் பொறுக்கவில்லை.

நூல் அவர் இடுப்பைச் சுற்றி வர மட்டும்தான் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார். பிறகு அறுக்கலாம் என்றார். அறுக்க ஒரு கத்தரிக்கோல் வேண்டுமே. மேசைக்கு அடியில் பயணிகளிடமிருந்து பிடுங்கிப் போட்ட சாமான்கள் நிறைந்த ஒரு தொட்டி இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்தார் அந்தப் பையன். தையற்காரி யாரோ பறிகொடுத்த கத்தரிக்கோல். எங்களுக்கு ஆபத்து வந்துவிடும் என்று பிடுங்கின அந்தக் கத்தரிக்கோலைத்தான் என் வீட்டுக்காரர் இடுப்பருகே கொண்டுபோய் அறுத்தார்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தாயத்து ஸ்கேனருக்குள் போய் வந்தது. உள்ளே என்னவோ இருக்கிறது, வாய் மூடியிருக்கிறது, அதனால் திறக்க வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று இரண்டு கையையும் கூப்பினார். அவர் கோவிலில் கூப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதன் முன்னால் கூப்பி அன்றுதான் பார்த்தேன். அதே தொட்டியிலிருந்து நகவெட்டி ஒன்றை எடுத்து, அதன் முனையை விட்டு நெம்பினார்கள். பத்தர் பற்றவைத்த மூடி வளைந்து பிய்ந்து வந்தது. தட்டின் மேல் கவிழ்த்துத் தட்டினார்கள். கிராம்பு மாதிரி, கறுத்து, காய்ந்து, ஒரு சின்னத் துண்டு வந்து விழுந்தது.

அத்தனை வருஷமாக நானும் அதைப் பார்த்ததில்லை. என் உடம்பும் பிள்ளை உடம்பும் ஒன்றாக இருந்ததற்கு மிச்சம் இருக்கிற ஒரே அடையாளம். செருப்பும் பெல்ட்டும் லேப்டாப்பும் போய் வருகிற பிளாஸ்டிக் தட்டில், எல்லோர் முன்னாலும் கிடந்தது. அந்தப் பையன் குனிந்து மோந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். அந்த ஒரு இந்தி வார்த்தை எனக்கே புரிந்தது. போதைப் பொருள் என்று நினைத்தார் போல. என் வீட்டுக்காரர் தமிழிலேயே சொன்னார்.

"எம்புள்ளையோடது சார். தொப்புள்கொடி."

தமிழ்ப்பெண் மெதுவாக அதை இந்தியில் சொன்னாள். அந்தப் பையன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். சரி, இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்பு என்று வேண்டாம், ஒரு ஐயோ போதும். அவர் ஒரு வெள்ளைத் துணியால் அந்தத் துண்டை ஒற்றி எடுத்து, அந்தத் துணியை ஏதோ ஒரு சோதனைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. போகலாம் என்று தலையை ஆட்டிவிட்டு, காகிதம் ஒன்றை எடுத்துத் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்துக்கொண்டதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ஊசி முனையோடு இரண்டு ஊக்கை என் தாலியில் வைத்துக்கொண்டு நான் விமானம் ஏறினேன். காய்ந்த சதைத் துணுக்குக்கு அவர் வேட்டிக் கட்டை இறக்கினார். இதில் எது பாதுகாப்பு என்று யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்தால் புண்ணியம். விமானத்தில் ஆயுதம் போகக் கூடாது என்பது எனக்கும் தெரியும், நானும் உயிரோடு இறங்க வேண்டியவள்தான். சோதிக்காதே என்று நான் சொல்லவில்லை. ஒரு மறைப்புக்குள் கூப்பிட்டுப் போய், என்ன இது என்று கேட்டுவிட்டுத் திறந்திருக்கலாம். ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் திறப்பதற்கும் திறந்துவிட்டுக் கேட்பதற்கும் நடுவில்தான் மனுஷனின் மரியாதை முழுக்க இருக்கிறது.

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம். மேகத்தைப் பார் என்றார்கள், பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கைக்குட்டையில் முடிந்த தாயத்தைக் கைக்குள் பொத்தியபடி வழி முழுக்க உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொடுத்தபோதும் அந்தக் கையைப் பிரிக்கவில்லை.

மறுநாள் பிள்ளையை அணிவகுப்பில் பார்த்தோம். நெடுநெடுவென்று வளர்ந்து, கறுத்து, சீருடையில் யாரோ மாதிரி இருந்தான். பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அந்தச் சீருடையைப் பார்த்ததும் கூடவே, விரலைத் துடைத்துக்கொண்ட அந்தப் பையனும் நினைவுக்கு வந்தார். அணிவகுப்பு முடிந்து அவன் ஓடிவந்து காலில் விழுந்தான். அவர் கை சட்டைப் பைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. உடைந்ததைக் கட்டக் கூடாது. அன்றைக்குக் கட்டுவதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் போனார், கட்டாமலே திரும்பினார். நடந்ததை அவனிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். புது வேலைக்குப் போகிற பிள்ளை, மனசு கலங்கும் என்றார். திரும்பும்போது தாயத்தைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, பெட்டி வந்து சேரும்வரை பெட்டிகள் வருகிற வழியையே பார்த்தபடி நின்றார்.

ஊருக்கு வந்த கையோடு பத்தரிடம் ஓடினோம். அவர் பிய்ந்த மூடியைப் பார்த்துவிட்டு யார் செய்த வேலை இது என்றார். விழுந்து நசுங்கிவிட்டது என்று என் வீட்டுக்காரர் பொய் சொன்னார். திரும்பப் பற்றவைத்தது தழும்பாகத் தெரிந்தது. அதைப் புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்ட பிறகுதான், நைந்து நூலாகத் தொங்கிய அந்தப் பூ நூலை அறுத்தார்.

பிள்ளைக்கு முதல் வேலையே ஒரு விமான நிலையத்தில் போட்டார்கள். போனில் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் விடுமுறைக்கு வந்தான். அவன் பிரியமாகச் சாப்பிடுகிற நெத்திலிக் குழம்பு வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தவனிடம் அவர், தாயத்தைக் கட்டிவிடட்டுமா என்று கேட்டார். சீருடையில் அதெல்லாம் கூடாது, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டான். சொன்ன வேகத்தில் அடுத்த வாய் சோற்றுக்குப் போய்விட்டான். அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாவது ஒன்றாவது என்று நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன். மேடை, பூ நூல், கத்தரிக்கோல், நகவெட்டி, விரலைத் துடைத்துக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை.

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது சொல்லுவான், அந்தப் பையனைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். பிள்ளை வாயிலிருந்து ஒரு வசவு வந்தால் என் மனசு ஆறிவிடும் என்று காத்திருந்தேன். அவன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்.

"அவரு மேல தப்பு இல்லமா. மூடி இருந்தா தொறந்துதான் பாக்கணும். எங்களுக்கும் அதான் சொல்லிக் குடுத்தாங்க."

"உங்கப்பாவா இருந்தா?"

"அப்பாவா இருந்தாலும்தான்."

அவன் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். கல்நெஞ்சுக்காரனும் இல்லை. சின்ன வயதில் கோழி அறுப்பதைப் பார்த்து ஜுரம் வந்த பிள்ளை. அவனை யாரோ ஒரு வருஷத்துக்குள் இப்படிச் சொல்ல வைத்துவிட்டார்கள். ஒரு மேடையில் என் புருஷன் மானத்தை வாங்கினார்கள், சரி. என் வீட்டுச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதை நியாயம் என்று சொல்ல, என் பிள்ளையையும் அல்லவா வாங்கிவிட்டார்கள். அந்த ஆத்திரத்துக்கு நான் எங்கே போவேன்?

பேச்சை மாற்றுவதற்காக அவன், தை மாசம் நான் இருக்கிற ஊருக்கு வாங்க, ப்ளைட் டிக்கெட் நானே போடறேன் என்றான். என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்தபடி, வேண்டாம்பா, ரெண்டு நாள் ஆனாலும் ரயிலிலேயே வந்துடறோம் என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"ப்ளைட்டுக்கே போடுடா. திரும்பி வரும்போது உன் வரிசையிலதான் உங்கப்பாவக் கொண்டாந்து நிக்க வெப்பேன். அறுக்கறதா இருந்தா நீயே அறு. தொறக்கறதா இருந்தா நீயே தொற. உள்ள இருக்கறது உன்னோடதுதான்."